எருவா, மூட்டை உரமா? சம்பா, உளுந்து வயலுக்கு ஓர் ஆண்டுக் கணக்கு

கடலூர் மாவட்டத்துப் புவனகிரி, காட்டுமன்னார்கோயில், புதுச்சேரிப் பாகூர் பக்கம் நிலம் வைத்திருப்பவர்களிடம் ஆடி பிறந்ததும் ஒரு பேச்சு கிளம்பும். இயற்கைக்கு மாறிவிடலாமா, இல்லை இப்படியே மூட்டை உரத்தில், அதாவது கடையில் வாங்கும் ரசாயன உரத்தில் ஓட்டலாமா? அந்தப் பேச்சு பெரும்பாலும் சம்பாவில் தொடங்கி சம்பாவிலேயே முடிந்துவிடும். ஏக்கருக்கு எத்தனை மூட்டை நெல் காணும், உரச்செலவு எவ்வளவு என்பதோடு சரி.

நம் வயலில் ஓர் ஆண்டில் நடப்பது சம்பா மட்டும் இல்லையே. ஆவணி, புரட்டாசியில் இறங்கும் சம்பா தை மாதம் அறுவடைக்கு வருகிறது. அந்த ஈரத்திலேயே உளுந்து. சித்திரைக்குள் உளுந்தும் வீட்டுக்கு வந்துவிட்டால், அடுத்த சம்பா வரைக்கும் நாலு மாதம் நிலம் சும்மா கிடக்கிறது. இந்த மூன்று கட்டத்தையும் ஒரே கணக்கில் எழுதிப் பார்த்தால் எரு, உரம் பற்றிய விடை மாறுகிறது. அதனால்தான் இதைப் பயிர்வாரியாக இல்லாமல் ஆண்டுவாரியாகப் பார்க்கச் சொல்கிறேன்.

ஒப்பிட மூன்று வழிகள் உண்டு. முழுக்க மூட்டை உரம், முழுக்க இயற்கை, கோடையில் பசுந்தாள், அதாவது உரத்துக்காகவே வளர்க்கும் செடி, விதைத்து மண்ணில் மடக்கி உழுதுவிட்டுச் சம்பாவுக்கு மூட்டை உரத்தைக் குறைப்பது. மாடு இல்லாத, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போடுகிற இரண்டு மூன்று ஏக்கர் குடும்பத்துக்கு மூன்றாவது வழிதான் நல்லது என்பது என் கருத்து. இரண்டாவது வழியே சரியாக வரும் நிலங்களும் இருக்கின்றன, அதையும் சொல்கிறேன். நம் பக்கம் காணிக் கணக்கு பழக்கம், ஆனால் சிபாரிசு எல்லாம் ஏக்கரில் வருவதால் இங்கே ஏக்கரே இருக்கட்டும். காணிக்கு வேண்டுமானால் 1.32-ஆல் பெருக்கிக்கொள்ளலாம்.

மூட்டை உரத்தின் கணக்கு

மத்திய, நீண்ட கால நெல்லுக்குப் பொதுச் சிபாரிசு ஹெக்டேருக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) 150, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 50, சாம்பல்சத்து (பொட்டாசியம்) 50 கிலோ. ஏக்கருக்கு 60:20:20. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. டிஏபியில் (டை அம்மோனியம் பாஸ்பேட்) 18 சதவீதம் தழை, 46 சதவீதம் மணி. 50 கிலோ டிஏபி மூட்டை ஒன்று போட்டால் மணிச்சத்து தீர்ந்தது, கூடவே 9 கிலோ தழைச்சத்தும் வந்துவிடுகிறது. மீதித் தழைச்சத்துக்கு 45 கிலோ யூரியா மூட்டை இரண்டரை. அரசு விலைப்படி யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு, டிஏபி 1,350 ரூபாய். இரண்டும் சேர்ந்து சுமார் 2,000 ரூபாய், சாம்பல்சத்துக்குப் போடும் பொட்டாஷ் தனி.

இந்த விலைக்கு எந்த எருவும் போட்டி போட முடியாது. ஒரு கிலோ தழைச்சத்து யூரியாவில் சுமார் 13 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அரசு பெரும் மானியம் கொடுப்பதால் வந்த விலை அது. இயற்கை பக்கம் பேசுபவர்கள் இதை மறைக்கக்கூடாது. உரம் வாங்கும் செலவை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் மூட்டை உரம்தான் ஜெயிக்கும்.

அந்தக் கணக்கில் விட்டுப்போவது சில விஷயங்கள். முதலாவது சாம்பல்சத்து. நெற்பயிர் எடுக்கும் சாம்பல்சத்தில் பெரும்பகுதி வைக்கோலில்தான் தங்குகிறது. இரண்டு டன் வைக்கோலைக் கட்டு கட்டி லாரியில் ஏற்றினால் 30 கிலோ அளவுக்குச் சாம்பல்சத்து வயலை விட்டுப் போகிறது. சிபாரிசே 20 கிலோதான், அதையும் பொட்டாஷ் விலை கூடிய பிறகு பலர் போடுவதில்லை. மாடு இருந்த காலத்தில் வைக்கோல் தின்ற மாட்டின் சாணம் குப்பைக்குழி வழியாக அதே வயலுக்குத் திரும்பியது. இப்போது அறுவடை இயந்திரம், அதன் பின்னாலேயே கட்டு கட்டும் இயந்திரம், அப்புறம் வண்டி. வைக்கோல் விற்ற பணத்தை வரவில் எழுதுகிறோம், அதோடு போன சத்தைச் செலவில் எழுதுவதில்லை.

இரண்டாவது, ஐப்பசி கார்த்திகை. நம் மாவட்டத்தின் மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது, சம்பாவுக்கு மேலுரம் போட வேண்டிய நாட்களும் அவைதான். தேங்கி நிற்கும் தண்ணீர் மேல் யூரியாவை வீசினால் ஒரு பகுதி ஆவியாகப் போகும். மறுநாளே மழை பெய்து வரப்பு வழிந்தால் இன்னொரு பகுதி வாய்க்காலோடு போகும். 2015 வெள்ளத்திலும், 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு தென்பெண்ணை பெருகியபோதும், போட்ட மேலுரத்தைத் தண்ணீரோடு விட்டவர்கள் ஏராளம். யூரியா மலிவு என்பதால் பயந்து இன்னொரு மூட்டை போடுவோம். தழை மிஞ்சினால் பயிர் கரும்பச்சையாகிப் பார்க்க அழகாக இருக்கும், அந்தப் பச்சைக்கு இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் குலைநோயும் வரும், கதிர் பிடித்ததும் ஒரு காற்றுக்குச் சாய்ந்துவிடும். மருந்துக்கடையில் கொடுக்கும் பணமும் சாய்ந்த நெல்லை அறுக்க இயந்திரத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கும் வாடகையும் உரக்கணக்கில்தான் சேர வேண்டும்.

மூன்றாவது, சம்பா முழுவதும் ஒரே சமயத்தில் யூரியா கேட்கும் நேரத்தில் கூட்டுறவுச் சொசைட்டியில் நிற்கும் வரிசை. தனியார் கடைக்குப் போனால், யூரியா வேண்டுமென்றால் இதையும் ஒரு பாக்கெட் எடுத்துக்கொள் என்று தேவையில்லாத சரக்கைத் தலையில் கட்டுவது பலருக்கும் நடந்தது, எனக்கும் நடந்தது. 266 ரூபாய் என்பது அச்சில் இருக்கும் விலை.

இத்தனையும் சொன்ன பிறகும், வெள்ளத்தில் நின்று மஞ்சளாகிப்போன பயிரை நாலு நாளில் தேற்ற மூட்டை உரத்தால்தான் முடியும். தண்ணீரை வடித்துவிட்டு ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் பிண்ணாக்கு கலந்து ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்துப் போடச் சொல்வது வேளாண்மைத் துறையின் வழக்கமான சிபாரிசு. அது வேலை செய்கிறது. கடலூர் மாவட்டத்தில் இந்தக் கதவை முழுக்க அடைத்துவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முழுக்க இயற்கை: எரு எங்கிருந்து வரும்?

நன்றாக மக்கிய தொழு உரத்தில் தழைச்சத்து அரை சதவீதம் அளவு. ஏக்கருக்குச் சிபாரிசு 5 டன், அதில் இருப்பது 25 கிலோ தழைச்சத்து. முதல் பருவத்திலேயே அது முழுவதும் பயிருக்குக் கிடைக்காது, ஒரு பங்குதான் கிடைக்கும், மீதி மெல்ல மெல்ல வரும். சம்பாவின் 60 கிலோவையும் தொழு உரத்தாலேயே கொடுக்க நினைத்தால், காகிதக் கணக்கிலேயே 12 டன், நடைமுறையில் அதைவிட நிறைய.

ஒரு நாட்டு மாடு நாளைக்குப் பத்துக் கிலோ அளவு சாணம் போடும். ஆண்டுக்கு மூன்றரை டன் பச்சைச் சாணம், கூளம் சேர்த்து மக்கி வரும்போது இரண்டு டன் தேறினால் பெரிது. அப்படியானால் 5 டன் எருவுக்கே ஏக்கருக்கு இரண்டு மூன்று மாடு வேண்டும். மாடு இல்லாதவர் டிப்பர் கணக்கில் எரு வாங்கி, ஏற்றுக்கூலி இறக்குக்கூலி கொடுத்து இறைக்க வேண்டும். அதில் பாதி மண்ணாக இருப்பதும் உண்டு. மக்காத எருவில் களை விதையும் வேர்ப்புழுவும் கூடவே வந்து இறங்கும்.

ஜீவாமிர்தம் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசலில் போவது பத்துக் கிலோ சாணம், கொஞ்சம் கோமியம், இரண்டு கிலோ வெல்லம், இரண்டு கிலோ பயறு மாவு. அந்தச் சாணத்தில் இருக்கும் தழைச்சத்து கிராம் கணக்கு. பஞ்சகவ்யமும் மீன் அமிலமும் இதே வகைதான். கடலூர் துறைமுகத்தில் மீன் கழிவு கிடைப்பதால் மீன் அமிலம் செய்வது நமக்குச் சுலபம், சம எடை வெல்லம் சேர்த்து மூன்று வாரம் மூடி வைத்தால் ஆயிற்று. இவை மண்ணில் இருக்கும் உயிர்களைத் தூண்டிவிடும், பயிருக்குத் தெம்பு தரும். மண்ணில் ஏற்கனவே சேமிப்பு இருந்தால் அதை எடுத்துக்கொடுக்கும். இருபது ஆண்டு யூரியாவில் ஓடிய, எருவே காணாத வயலில் ஜீவாமிர்தத்தை மட்டும் நம்பி இறங்கியவர்கள்தான் முதல் சம்பாவிலேயே அடிபட்டு, இயற்கையே பொய் என்று திட்டுகிறார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு, அவர்களுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தவர்கள் மேல் அதைவிட அதிகம்.

எருவுக்கு மாற்றாக நம் பக்கம் உண்மையில் கைகொடுப்பது ஆட்டுக்கிடை, அதாவது ஆட்டு மந்தையை இரவில் வயலிலேயே அடைத்து வைப்பது. உளுந்து எடுத்த பிறகு கோடையில் கிடை அமர்த்தி, ஒரு துண்டில் சில இரவுகள் கட்டி அடுத்த துண்டுக்கு நகர்த்தினால் புழுக்கையும் மூத்திரமும் நேராக மண்ணில் இறங்குகிறது. ஏற்றுக்கூலி இல்லை, இறைக்கும் வேலை இல்லை. மறுநாளே ஒரு மேலுழவு ஓட்டி மூடிவிட வேண்டும், வெயிலில் காயவிட்டால் மூத்திரத்தின் தழைச்சத்து காற்றில் போய்விடும். கிடைக்காரர்கள் வரும் ஊராக இருந்தால் டிப்பர் எருவைத் தேடி அலைவதைவிட இது நூறு மடங்கு மேல்.

முழு இயற்கைக்கு நெல் ரகமும் ஒத்துழைக்க வேண்டும். சி.ஆர் 1009 சப்-1 போன்ற ரகம் தழைச்சத்து கொடுத்தால் விளைச்சல் காட்டும்படி உருவாக்கப்பட்டது, குறைத்தால் விளைச்சலும் இறங்கும். மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி, கிச்சிலிச் சம்பா மாதிரியான பாரம்பரிய ரகங்கள் உயரமாக வளர்பவை, தழை அதிகமானால்தான் படுத்துவிடும். அவற்றுக்குக் கிடையும் பசுந்தாளுமே போதும். ஆக, ரகத்தை மாற்றாமல் உரத்தை மட்டும் மாற்றுவது பாதி வேலை.

அடுத்தது விற்பனை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 2025-26 பருவத்துக்குச் சன்ன ரகம் குவிண்டால் 2,545 ரூபாய், சாதாரண ரகம் 2,500 ரூபாய். நெல் எப்படி விளைந்தது என்று அங்கே யாரும் கேட்கப்போவதில்லை, ஈரப்பதம் 17 சதவீதமா என்றுதான் பார்ப்பார்கள். இயற்கையில் விளைச்சல் குறையும் ஆண்டுகளை நல்ல விலைதான் ஈடுகட்ட வேண்டும், அந்த விலை அரிசியாக்கி நேரே விற்பவருக்குத்தான். இந்த விஷயத்தில் நம் பகுதிக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. புதுச்சேரியும் ஆரோவில்லும் பக்கத்தில். ரசாயனம் படாத அரிசிக்குக் கூடுதல் விலை தர ஆள் இருக்கும் சந்தை அது. பாகூர், வில்லியனூர்க்காரர்களுக்கு வாசலிலேயே இருக்கிறது என்று சொல்லலாம். சான்றிதழ் வேண்டுமானால் பருவப் பயிர்களுக்கு இரண்டு ஆண்டு மாற்றுக்காலம் உண்டு. அந்த இரண்டு ஆண்டும் விளைச்சலும் குறையலாம், விலையும் கூடாது. அதைத் தாங்கும் கையிருப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குவது நல்லது.

சும்மா கிடக்கும் நாலு மாதம்

நான் மூன்றாவது வழிக்குச் சாய்வதற்குக் காரணம் இந்த இடைவெளிதான். சித்திரை, வைகாசியில் ஒரு கோடை மழை கிடைத்ததும் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, நாற்பது நாற்பத்தைந்து நாளில் பூக்கத் தொடங்கும்போது மடக்கி உழுதால், ஏக்கருக்கு 25 முதல் 30 கிலோ தழைச்சத்து மண்ணில் சேரும். களிமண்ணிலும் கொஞ்சம் உவர் நிலத்திலும், தண்ணீர் தேங்கினாலும்கூட தக்கைப்பூண்டு தாக்குப்பிடிக்கும். மேட்டுச் செம்மண்ணுக்குச் சணப்போ கொளிஞ்சியோ ஏற்றது.

இதைச் சம்பாவுக்குக் கணக்கில் எடுத்துக்கொண்டால் யூரியா இரண்டரை மூட்டையிலிருந்து ஒன்றேகால் மூட்டைக்கு இறங்குகிறது. மிச்சமாவது முந்நூற்றுச் சொச்சம் ரூபாய். தக்கைப்பூண்டு விதைக்கும் உழவுக்கும் ஆகும் செலவு அதைவிடக் கூடுதல். ஒரு போகத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் பசுந்தாள் நஷ்டம், விவசாயிகள் அதைக் கைவிட்டதற்கும் இதுதான் காரணம். சோம்பேறித்தனம் என்று அவர்களைச் சொல்வது நியாயமில்லை. ஆண்டுக் கணக்கில் வைத்துப் பார்த்தால் வேறு வரவுகள் சேர்கின்றன. அடியில் மெல்லக் கரையும் தழைச்சத்து இருப்பதால் மேலுரம் ஒரு முறை மழையில் போனாலும் பயிர் நிற்கிறது. களிமண் பொலபொலப்பாகி உழவு இலகுவாகிறது. அடுத்து வரும் உளுந்துக்கு ஈரம் கூடுதல் நாள் நிற்கிறது. யூரியா வரிசையில் பாதி நேரம் மிச்சம். விதை விஷயத்தில், தமிழக அரசின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம் திட்டத்தில் 2024-25 முதல் பசுந்தாள் விதை மானியத்தில் கிடைக்கிறது. வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் சித்திரையிலேயே கேட்டு வைத்துவிட வேண்டும், ஆனி வந்த பிறகு கேட்டால் காலம் கடந்துவிடும்.

இதில் இருக்கும் நிஜமான தொல்லை மேய்ச்சல். கோடையில் ஊர் மாடும் ஆடும் அவிழ்த்துவிட்டிருக்கும். ஒருவர் மட்டும் ஒரு துண்டில் தக்கைப்பூண்டு போட்டால் ஊரே அங்கே வந்து மேயும். ஒரு கண்ணி வாய்க்காலில் பாய்கிற பத்துப் பேர் சேர்ந்து விதைத்தால்தான் இது நடக்கும். புழுதி விதைப்பு செய்பவர்கள் நாளையும் பார்த்துக்கொள்ள வேண்டும், விதைப்புக்கு முன்னால் மடக்கியது மட்க அவகாசம் வேண்டும். சேற்று நடவு என்றால் மடக்கி ஒரு வாரம் பத்து நாள் கழித்து நடுவது பாதுகாப்பு. மட்காத தழை மேல் உடனே நட்டால் வேர் மூச்சு முட்டும்.

உளுந்துக்கு வருவோம். நெல் தரிசு உளுந்துக்கு அடியுரம் போட வழியே இல்லை, அறுக்காமல் நிற்கும் நெல்லுக்குள், மண் மெழுகு பதத்தில் ஈரமாக இருக்கும்போது விதைக்கிறோம். சம்பாவுக்குப் போட்ட மணிச்சத்தின் மிச்சமும் மண்ணின் ஈரமும்தான் அதன் முதல். எனவே சம்பாவில் டிஏபியை வெட்டினால் அடி உளுந்து மேல் விழும். தழைச்சத்தைப் பிடித்துத் தரும் ரைசோபியம் நுண்ணுயிரை விதையோடு கலப்பது சில நூறு ரூபாய்கூட ஆகாத வேலை, அதை யாரும் விடக்கூடாது. பூக்கும்போதும் பதினைந்து நாள் கழித்தும் 2 சதவீத டிஏபி கரைசல் தெளிப்பது, அதாவது ஏக்கருக்கு 4 கிலோவை முதல் நாளே ஊறவைத்துத் தெளிந்த நீரை 200 லிட்டராக்கித் தெளிப்பது, காய் பிடிப்பில் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் காட்டும். முழு இயற்கைக்காரர்கள் இந்த இடத்தில் மீன் அமிலமோ பஞ்சகவ்யமோ தெளிக்கிறார்கள். உளுந்து தனக்கு வேண்டிய தழைச்சத்தில் பெரும்பங்கைத் தானே பிடித்துக்கொள்வதால் இந்தப் பயிரில் இயற்கை வழி அதிகம் பின்தங்குவதில்லை. மாறிப் பார்க்க நினைப்பவர் உளுந்திலிருந்து தொடங்கினால் பயம் குறைவு.

உளுந்து போட்டால் நிலத்துக்குத் தழைச்சத்து தானாகச் சேர்ந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது பாதி உண்மை. செடியை வேரோடு பிடுங்கிக் களத்துக்குக் கொண்டுபோய், அடித்த பிறகு மிஞ்சும் பொட்டையும் (தோல், சருகு) விற்றுவிட்டால், பிடித்த தழைச்சத்தில் பெரும்பகுதி பருப்போடும் பொட்டோடும் போய்விடும். அரிவாளால் அறுத்து வேரை மண்ணில் விட்டு, பொட்டை மாட்டுக்குப் போட்டு, சாணம் வயலுக்கு வந்தால்தான் அந்த வரவு முழுசாகும்.

விருத்தாசலம், பண்ருட்டி மேட்டுச் செம்மண்ணில் கதை வேறு. அங்கே மல்லாட்டை (நிலக்கடலை), எள், கம்பு என்று சுழற்சி. மண்ணில் களி குறைவு, போட்டது நிற்காமல் கீழே இறங்கிவிடும். இந்த மண்ணில் எரு இல்லாமல் மூட்டை உரம் மட்டும் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். கைவசம் கொஞ்சம் எருதான் இருக்கிறது என்றால் களிமண் வயலைவிடச் செம்மண் கொல்லைக்கே அதைக் கொடுப்பேன். எரு குறைவாக இருந்தால் ஏக்கருக்கு 300 கிலோ எருவோடு சூப்பர் பாஸ்பேட்டைக் கலந்து ஒரு மாதம் மூடி வைத்து, ஊட்டமேற்றிய தொழு உரமாகப் போடலாம். மல்லாட்டைக்கு ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம், பாதியை அடியிலும் பாதியை மண் அணைக்கும்போதும் போடுவது திரட்சியான கொட்டைக்கு அவசியம். மண்ணிலிருந்து வெட்டியெடுத்த ஜிப்சம் தாதுப்பொருள், இயற்கைச் சான்றிதழ் விதிகளே அதை அனுமதிக்கின்றன, ஆகவே இதில் சண்டையே இல்லை.

நீண்ட காலத்தில் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. கோயம்புத்தூரில் 1909-இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை வயல் இன்றும் நடக்கிறது. நாட்டின் பல இடங்களில் 1970-களின் தொடக்கத்திலிருந்து நடக்கும் நீண்டகாலச் சோதனைகளிலும் பொதுவாகத் தெரிவது, தழைச்சத்தை மட்டும் போட்ட துண்டுகள் காலப்போக்கில் இறங்கிவிடுகின்றன, மூன்று சத்துக்களோடு தொழு உரமும் சேர்ந்த துண்டுகள் நிலைத்து நிற்கின்றன என்பதே. பயிர்ச் சுழற்சியில் முழு இயற்கையையும் ரசாயனத்தையும் பக்கம் பக்கமாக வைத்து சுவிட்சர்லாந்தில் 1978-இல் தொடங்கிய சோதனையில், முதல் 21 ஆண்டுகளில் இயற்கைத் துண்டுகளின் விளைச்சல் சராசரியாக 20 சதவீதம் குறைவு, ஆனால் வெளியிலிருந்து போட்ட சத்து மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைவு, மண்ணுயிர்களும் செழிப்பு. அங்கே சுழற்சியில் தீவனப்புல்லும், போடுவதற்கு மாட்டு எருவும் உண்டு. மாடே இல்லாத நம் தெருவுக்கு அந்த 20 சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

சரி, யாருக்கு எது? மாடு இருக்கிறது அல்லது கிடை வருகிறது, பாரம்பரிய ரகம் போடத் தயார், அரிசியாக விற்க நாலு வீடாவது இருக்கிறது என்றால் முழு இயற்கைக்குத் தைரியமாகப் போகலாம். இந்த மூன்றில் ஒன்றுதான் இருக்கிறது என்றால் பொறுத்திருக்க வேண்டும். குத்தகைக்கு ஓராண்டுக்கு நிலம் எடுத்தவரைப் பசுந்தாள் போடச் சொல்வதில்கூட அர்த்தமில்லை. அவர் சேர்க்கும் வளம் அடுத்தவருக்குப் போகும், அவர் மூட்டை உரத்தையே மண் பரிசோதனை பார்த்து அளவாகப் போட்டால் போதும். நிலத்துக்காரர் குத்தகையை மூன்று ஆண்டாக எழுதிக்கொடுத்தால் இந்தக் கணக்கே மாறிவிடும்.

மற்ற எல்லோருக்கும், கோடையில் தக்கைப்பூண்டு, சம்பாவுக்கு அடியில் டிஏபி ஒரு மூட்டை, பொட்டாஷ் 33 கிலோ, யூரியா ஒன்றேகால் மூட்டையை இரண்டு மூன்றாகப் பிரித்து, வேப்பம் பிண்ணாக்கு கலந்து, தண்ணீரை வடித்துவிட்டு மேலுரம், அறுவடையில் வைக்கோலில் ஒரு பங்காவது வயலுக்கு, அப்புறம் ரைசோபியம் கலந்த உளுந்து. துத்தநாகக் குறை தெரிந்தால் நடவில் ஜிங்க் சல்பேட் 10 கிலோ, அதை டிஏபியோடு கலக்காமல் மணலில் கலந்து தனியாக வீச வேண்டும். யூரியா எப்போது என்பதை இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டையை வைத்து முடிவு செய்யலாம், பக்கத்து வயலின் பச்சையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

முழு இயற்கைக்குப் போகிறவர்கள் முதல் ஆண்டு எந்த வயலில் தொடங்குவது என்பதையும் யோசிக்க வேண்டும். வாய்க்கால் தலைப்பில் இருக்கும், பக்கத்து வயல் தண்ணீர் வழிந்து வராத துண்டாக அது இருக்கட்டும். கடைமடைத் துண்டில் தொடங்கினால் மேலே போட்ட எல்லோருடைய யூரியாவும் மருந்தும் அங்கேதான் வந்து சேரும், இயற்கை உண்மையில் என்ன கொடுத்தது என்று கடைசிவரை தெரியாது. விதைக்கும் முன் அந்தத் துண்டின் மண்ணை எடுத்து விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ, புதுச்சேரிக்காரர்கள் குரும்பாப்பேட்டிலோ கொடுத்து, அங்ககக் கரிமம் (மண்ணில் உள்ள மட்குப் பொருளின் அளவைக் காட்டுவது) எவ்வளவு என்று எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது சம்பா அறுத்த பிறகு அதே இடத்து மண்ணை மறுபடி கொடுத்து இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.